மதுரைல எறங்கி வாரேன்

ஹைதராபாத்திலிருந்து ஊருக்குப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும் ஊர் என்ற கட்டத்தில் திண்டுக்கல் என்று அடித்தால், அப்படி ஒரு விமான நிலையமே இல்லை என்று திரை கையை விரித்துவிடும். தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் முதலில் திண்டுக்கல் என்றே அடித்துப் பார்ப்பேன். யாராவது திடீரென்று மனசு வைத்து மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒன்றைக் கட்டிவிட்டிருக்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. பிறகு, பக்கத்தில் இருப்பவை என்று இரண்டு பெயர்கள் வரும். மதுரை, திருச்சி. எதில் இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டே எதையோ தட்டியதில் வேறொரு பக்கம் திறந்துகொண்டது. இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம், காரில் போனால் எவ்வளவு நேரம் என்று யாரோ பொறுப்பாக எழுதிப் போட்டிருந்தார்கள். சுமார் இரண்டரை மணி நேரமாம்.

ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்குக் காரில் போகிற அளவுக்கு யாருக்கு வேலை இல்லை என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. டிக்கெட் போடாமலே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஜெயமேரி மதினி ஞாபகம் வந்துவிட்டது. மதினியை நினைத்தால் முதலில் மனசு குறுகுறுக்கும், அப்புறம்தான் முகம் வரும். பல வருஷமாக அப்படித்தான்.

மதினி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. அப்பாவுக்குக் கன்னிவாடிப் பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. பங்கு பிரித்தபோது கைக்கு வந்தது ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்து, நாகல் நகரில் வாடகைக்கு வீடு பிடித்து ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அண்ணன் சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாண மாலை காய்வதற்குள் கிளம்பிப் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவில் வருவார். அவர் வாங்கிக் கொடுத்த சைக்கிளில்தான் நான் காலேஜுக்குப் போனேன், அவர் கட்டிய ஃபீஸில்தான் படித்தேன். அதைப் பற்றியும் குறுகுறுப்பு உண்டு, ஆனால் அது வேறு கணக்கு.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஏர்போர்ட் என்றால் திருச்சிதான். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். மதுரையிலும் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது மெட்ராஸுக்கே விமானத்தில் போகிற வசதிக்காரர்களுக்கானது என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

அண்ணன் வருகிறார் என்றால் வேன் சொல்லிவிடுவார் சித்தப்பா. அண்ணனைக் கூப்பிட அண்ணனைத் தவிர எல்லோரும் போவார்கள் என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள். அது நியாயமான கேலி. அம்மா முதல் ஆளாக ஏறிவிடுவார். அப்பா, சித்தப்பா, சித்தி, சித்தி பிள்ளைகள், அண்ணனோடு பள்ளியில் படித்த ஒருவர், எதற்கு வருகிறார் என்றே தெரியாத இன்னொருவர். திரும்பி வரும்போது அட்டைப் பெட்டிகள் வேறு சேர்ந்துகொள்ளும். ஒரு தடவை எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால், வந்த மனிதருக்கு இடமில்லை. தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, தலை கூரையில் இடிக்க, சிரித்துக்கொண்டே திண்டுக்கல் வந்து சேர்ந்தார் அண்ணன்.

எனக்கு மட்டும் எப்போதும் ஜன்னல் சீட். காரணம், நான் வாந்தி எடுப்பேன். வடமதுரை வரைக்கும் தாங்குவேன், அய்யலூர் தாண்டினால் சொல்ல முடியாது. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வரச் சொல்வார்கள். மணப்பாறையில் வேனை நிறுத்தி எல்லோரும் முறுக்கு வாங்கித் தின்பார்கள். நான் பழத்தை முகர்ந்துகொண்டு நிற்பேன். இன்றைக்கும் விமானத்தில் எலுமிச்சை வாசனையோடு ஈரக் காகிதம் கொடுத்தால் எனக்கு அந்த வேன்தான் நினைவுக்கு வரும். வண்டி ஆகாத ஒருத்திக்கு இருக்கிறதிலேயே நல்ல இடம். வண்டி ஏறினால் சின்னத் தலைவலி கூட வராத மதினிக்கு இடமே கிடையாது.

மதினி வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அது அப்படித்தான் அமைந்துவிட்டது. வருகிறவன் பசியோடு வருவான், கறிக்குழம்பு கொதித்தபடி இருக்க வேண்டும், கூடப் போனவர்களுக்கும் சேர்த்து வெஞ்சனம் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா? மதினியின் மகன்கூட என் மடியில் உட்கார்ந்து வந்துவிடுவான். வேன் திரும்பி வந்து தெருவில் நிற்கும்போது, மதினி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வாசலுக்கு வருவார். “வந்துட்டீகளா?” என்பார். அண்ணன் “ம்” என்று சிரிப்பார். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் இலை போடச் சொல்லி அம்மாவின் குரல் வரும், மதினி உள்ளே போய்விடுவார்.

சாப்பாடெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

“எப்பிடி வெளிய வந்தாக?”

“கண்ணாடிக் கதவு தானா தொறந்துச்சு மதினி. பெட்டி வண்டியத் தள்ளிக்கிட்டு வந்துச்சு.”

“மொதல்ல யாரப் பாத்தாக?”

“அம்மாவ.”

“அப்பறம்?”

அப்புறம் என்ன. நான் இருக்கிறதையும் இல்லாததையும் சேர்த்து அளந்துவிடுவேன். கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது, யார் யாரோ வந்தார்கள், சிவப்புச் சட்டையைப் பார்த்து அண்ணன் என்று அம்மா கையாட்டி ஏமாந்தது, எல்லாம். மதினி தேய்க்கிற சட்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு ஒரு நினைப்பு. அந்த ஜன்னல் சீட்டை ஒரு தடவை விட்டுக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்போது எங்கள் வீட்டு மதுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதினியின் பிறந்த வீடு வடமதுரை. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற ரோட்டில், கிளம்பின கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர். அண்ணன் மகன் பேசப் பழகியபோது ‘வட’ அவன் வாயில் நுழையவில்லை. அம்மாச்சி வீட்டை மதுரை, மதுரை என்றே சொல்லித் திரிந்தான். கேட்க நன்றாயிருந்ததால் நாங்களும் சொன்னோம், அப்படியே ஒட்டிக்கொண்டது. “ஜெயமேரி மதுரைக்குப் போயிருக்கா” என்று அப்பாவே சொல்வார். மீனாட்சி கோயில் இருக்கிற மதுரையைச் சொல்ல வேண்டுமானால் ‘பெரிய மதுரை’ என்போம். இந்தப் பேச்சு அண்ணனுக்குத் தெரியாது. அவர் இல்லாதபோது வீட்டில் முளைத்த வார்த்தை.

நான் படிப்பு முடித்து ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். கார்டு போட்டுப் பேசுவார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அதனால் அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். என்றைக்கு வருகிறார், எத்தனை மணிக்கு இறங்குகிறார் என்றெல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் அண்ணன் ஏதோ சொல்ல, அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

“என்ன சொல்றான்?” என்றார் அம்மா.

“மதுரைல எறங்கி வாரேன்ங்குறான்.”

“மதுரைலயா?”

“ஆமா. பெத்தவுக வீட்டுக்கு வர முன்னாடி மாமியா வீட்டுல எறங்கணுமாம் தொரைக்கு.”

நாங்கள் யாரும் வேறு மாதிரி நினைக்கவே இல்லை. திருச்சியிலிருந்து வருகிற வழியில்தானே வடமதுரை இருக்கிறது, அதில் இறங்கிவிட்டு வருகிறார், சரியாகத்தானே இருக்கிறது? சிங்கப்பூர் விமானம் இப்போது மதுரைக்கும் வர ஆரம்பித்துவிட்டது, அது நமக்கு இன்னும் கிட்டே என்று அண்ணன் ஆசையாகப் பார்த்துப் பார்த்து டிக்கெட் எடுத்திருக்கிறார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அடுப்படியில் மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை, ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு. புருஷன் முதல் தடவையாகத் தன் பிறந்த வீட்டில் இறங்கப் போகிறார். அன்றைக்கே மதினி தன் அம்மாவுக்குச் சொல்லியனுப்பி, அங்கே கோழிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அந்த வாரம் முழுக்க மதினி நடந்த நடையே வேறு மாதிரி இருந்தது.

எனக்குள் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

“மதினி வீட்டுல எறங்குறப்ப மதினி இல்லாம எப்பிடிப்பா? ஊர்ல என்ன நெனப்பாங்க?” என்று அப்பாவிடம் கேட்டேன். “என் எடத்துல மதினி போகட்டும். நான் வீட்டுல இருந்து கொழம்பு வைக்கிறேன்.”

“நீ வைக்கிற கொழம்பத் திங்கவா அவன் சிங்கப்பூர்ல இருந்து வாரான்?” என்றார் சித்தப்பா. ஆனாலும் ஊர் என்ன நினைக்கும் என்ற கேள்வி வேலை செய்துவிட்டது. அப்பா சரி என்றார்.

மதினி என்னைக் கூப்பிட்டு, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டார். மசாலாவைத் தானே அரைத்து வைத்துவிட்டு, உப்பு எவ்வளவு, கறி எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். கல்யாணத்துக்கு எடுத்த சின்னாளபட்டிச் சேலை ஒன்று, ஊதா நிறம், அதைக் கட்டிக்கொண்டார். வேனில் என் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, “வாரேன் பாப்பா” என்று கையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முக்கு வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

குழம்பு கொதிக்கும்போது போன் அடித்தது. புது நம்பர்.

“பாப்பாவா? என்ன, ஒருத்தரையுங் காணோம்? யாரோ ஒரு அண்ணன்ட்ட போன் வாங்கிப் பேசுறேன்.”

“எல்லாரும் ஏர்போர்ட்டுலதானண்ணே நிக்கிறாங்க.”

“நான் ஏர்போர்ட்டு வாசல்லதான் நிக்கிறேன்.”

“நல்லாப் பாருண்ணே. மதினி ஊதாச் சேல கட்டிருக்கு.”

குழம்பு பொங்கி வந்தது, கரண்டியை எடுத்துக் கிளறினேன்.

“அவ வந்துருக்காளா?” என்றார் அண்ணன்.

அந்தக் குரலை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் என்னிடமோ அம்மாவிடமோ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கொஞ்சம் பயந்த மாதிரியும் இருந்தது, திருவிழாவில் நிற்கிற பையன் மாதிரியும் இருந்தது. அது மதினி கேட்க வேண்டிய குரல். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் நிற்பது பெரிய மதுரையில். மதினி நிற்பது திருச்சியில். அண்ணன் யோசிக்கவே இல்லை. “நான் இங்கயே நிக்கிறேன். எம்புட்டு நேரமானாலும் பரவால்ல. வேன இங்க வரச் சொல்லு. அவ வரட்டும்” என்றார்.

நான் சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டு அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லாமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேன்காரர் பின்னாலிருந்து கத்துவது கேட்டது. திருச்சியிலிருந்து பெரிய மதுரைக்குப் போகிற ரோடு துவரங்குறிச்சி, மேலூர் என்று போகிறது, திண்டுக்கல் பக்கமே வராது. அங்கே போய்ச் சேர்ந்து, அப்புறம் ஊருக்குத் திரும்புவதென்றால் பொழுது சாய்ந்துவிடும், தனக்குச் சாயங்காலம் வேறு சவாரி இருக்கிறது என்றார். சித்தப்பாவுக்கும் பசி.

“அவன ஒரு டாக்ஸி பிடிச்சு வீட்டுக்கு வரச் சொல்லு. நாங்க இங்குட்டு இருந்து வாரோம். அம்புட்டுப் பேரும் வீட்டுக்குத்தான வரப் போறோம்!”

“சித்தப்பா, மதினிட்ட கேளுங்க.”

“அவகிட்ட என்ன கேக்குறது?” என்று வைத்துவிட்டார்.

அண்ணன் மறுபடி பேசியபோது சித்தப்பா சொன்னதைச் சொன்னேன். டாக்ஸி பிடித்து அண்ணன்தான் முதலில் வந்து சேர்ந்தார். வாசலில் நான் நின்றேன். இரண்டு வருஷம் கழித்து வருகிற மனிதரை வரவேற்க, மசாலாக் கையோடு நான் ஒருத்தி. “வாண்ணே” என்றேன். என் தலையைத் தடவிவிட்டு, எனக்குப் பின்னால் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தார். பெட்டியை உள்ளே வைத்தார். சாப்பிடச் சொன்னேன், மாட்டேன் என்றார். சட்டையைக்கூட மாற்றாமல் வாசலிலேயே நின்றார்.

வேன் வந்து நின்றது. ஆளாளுக்கு இறங்கி அண்ணனைக் கட்டிக்கொண்டார்கள். மதினி கடைசியாக இறங்கினார். சேலை கசங்கியிருந்தது. வடமதுரையில் ரோட்டோரம் அவர் அம்மா வந்து நின்றிருக்கிறார். மாப்பிள்ளை இல்லாமல் எதற்கு என்று வேனை நிறுத்தவில்லையாம். ஜன்னல் சீட்டிலிருந்து அம்மாவைப் பார்த்தபடியே கடந்து வந்திருக்கிறார்.

“வந்துட்டியா?” என்றார் அண்ணன்.

அது எப்போதும் மதினி கேட்கிற கேள்வி. “ம்” என்றார். சித்தி பக்கென்று சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இலை போடச் சொல்லி அம்மா குரல் கொடுத்தார், மதினி உள்ளே போய்விட்டார்.

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தேன். அதைச் சொல்லியும் சிரித்தார்கள். சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு சித்தப்பா, “இத்தன வருசமா ஒழுங்காத்தான் போயிட்டு வந்தோம். இந்தப் புள்ள ஏறுன நேரம், ஆளு ஊரு மாறி எறங்கிட்டான்” என்றார். அம்மாவும் அதற்குத் தலையாட்டினார். அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். ஏற்றி அனுப்பியது நான் என்று நான் சொன்னேன், சொல்லாமல் இல்லை. ‘நீ சும்மா கெட’ என்று அடக்கிவிட்டார்கள். பழி மதினி பேரிலேயே நின்றுவிட்டது. அடுத்த லீவுக்கு அண்ணன் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஹைதராபாத் வந்துவிட்டிருந்தேன். என் சீட் காலியாகத்தான் இருந்திருக்கும். மதினியை யாரும் கூப்பிடவில்லை, மதினியும் கேட்கவில்லையாம்.

திருச்சியில் என்ன நடந்தது என்று மதினி ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். “எல்லாரும் வந்துட்டாக. கதவு மூடிக்கிருச்சு. செத்த நேரங்கழிச்சு மறுபடி தொறந்துச்சு பாப்பா, பாத்தா ஏரோப்ளேன் ஓட்டுனவுக வாராக. அதுக்கப்பறம் யாரு இருக்கா?” பதிலுக்கு நான் அண்ணன் போனில் கேட்டதைச் சொன்னேன். “அவ வந்துருக்காளான்னு அண்ணன் கேட்டுச்சு மதினி” என்றேன். “எப்பிடிக் கேட்டாக?” என்றார். அதே மாதிரி சொல்லிக் காட்டப் பார்த்தேன். கதை அளப்பதில் கெட்டிக்காரி நான், எனக்கு அந்தக் குரல் மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகும் ஊருக்குப் போகிறபோதெல்லாம் ஏதாவது சாக்கில் அதைக் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் முயற்சி செய்து தோற்பேன்.

அண்ணன் ஒரு வழியாகச் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது யாருக்கும் சொல்லவே இல்லை. யாரையும் அலைக்கழிக்க வேண்டாம் என்று தானே பஸ் ஏறி, ஒரு மத்தியான நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். இப்போது பழனி ரோட்டில் சின்னதாக ஒரு கிரில் பட்டறை வைத்திருக்கிறார். சித்தப்பா போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். வேன் சொல்லி ஏர்போர்ட்டுக்குப் போகிற வழக்கமெல்லாம் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. வருகிறவர்கள் இறங்கியதும் போனைத் தட்டினால் வண்டி வந்து நிற்கிறது. எதற்கு வருகிறார் என்று தெரியாத அந்த இன்னொரு ஆள் இப்போது எங்கேயும் வருவதில்லை.

போன தடவை நான் மதுரையில் இறங்கினேன். போனைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தவள், “பாப்பா” என்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பெயர் எழுதிய அட்டைகளைப் பிடித்திருந்த டிரைவர்களுக்கு நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு மதினி.

“என்ன மதினி, இம்புட்டுத் தூரம்? யாரு கூட வந்தீங்க?”

“ஒத்தையிலதான் பஸ் ஏறி வந்தேன். காலையிலயே வந்துட்டேன்.”

“நான் மத்தியானந்தான வாரேன்னு சொன்னேன்?”

“தெரியும். ஒனக்கு முன்னாடி ரெண்டு ஏரோப்ளேன் வந்துச்சு. அந்தச் சனத்தையும் பாத்துட்டேன்.” கொஞ்சம் வெட்கப்பட்டார். “கதவு தொறக்குறப்பல்லாம் கம்பியப் பிடிச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாத்தேன் பாப்பா. அடுத்து யாருன்னு தெரியாதுல்ல.”

அவ்வளவு நேரம் காத்திருந்து, கடைசியில் கதவு திறந்து வந்தது நான், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. டாக்ஸியில் வரும்போது மதினி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “உங்கண்ணனுக்கு எங்குட்டாச்சும் ஒரு டிக்கெட்டுப் போட்டுக் குடேன். போயிட்டு வரட்டும். நான் வந்து நிக்கிறேன்.”

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனிடம் பேச்செடுத்தேன். ஹைதராபாத் வாண்ணே, நாலு நாள் இருந்துட்டுப் போகலாம் என்றேன். அண்ணன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

“போம்மா. வீட்டுல இருக்கணும்னுதான அம்புட்டு வருசம் வெளிய கெடந்தேன். இனிமே கொடைரோட்டத் தாண்டி ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டேன்.”

அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? காப்பியோடு வந்த மதினி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். “சரிதான். சாப்பிடுங்க, ஆறிரும்” என்று டம்ளரை அவர் கையில் கொடுத்தார். கண்ணாடிக் கதவு திறந்து அண்ணன் வருவதை அந்த வேனில் போன எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்க்காதவர் மதினி ஒருவர்தான். இனிப் பார்க்கவும் முடியாது.